மூன்றாம் எண் மிஷின்

மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குள் மெக்கானிக் சடையாண்டி உச்சி வெயிலில் நுழைந்தான். ஹால் காலியாக இருந்தது. மறுநாள் அரசாங்கப் பரீட்சை. அவன் மகள் மாயம்மாள் உட்கார வேண்டிய மூன்றாம் எண் மிஷினில் 'ஏ' சாவி அழுத்தினால் எழவில்லை. பாஸானால் அவளுக்குக் கோர்ட்டில் வேலை. இந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும்.

இந்தச் சாவியை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

போன வருஷம் இதே மிஷினில் சாணார்பட்டிப் பெருமாயி பரீட்சை எழுதினாள். பரீட்சை நடுவில் சாவி மக்கர் பண்ணினால் கையைத் தூக்கவேண்டும். மெக்கானிக் பார்த்து, மிஷின் கோளாறு என்றால் வேறு மிஷின் கொடுப்பார்கள். பெருமாயி மூன்று தடவை தூக்கினாள். தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றாமல் சோம்பியிருந்தவன் சடையாண்டிதான். குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"மிஷின் நல்லாத்தான் இருக்குங்கய்யா. பிள்ளைக்குத்தான் விரல்ல வலுவில்ல."

ஏழாம் நாள் அவளைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள்.

இப்போது பெட்ரோல் விட்டுக் கழுவினான். புது ஸ்பிரிங் மாட்டினான். அழுத்தினான். சாவி கீழேயே கிடந்தது. எங்கிருந்தோ பாசித் தண்ணீர் வாடை வந்தது. மிஷினுக்கு அடியில் கையை விட்டுத் தடவினான்.

சாவிக் கம்பியை ஏதோ பிடித்திருந்தது.

விரல். தண்ணீரில் ஊறி உப்பிய விரல்.

"தெரியாமப் பண்ணிட்டேன் தாயி," என்றான் மெதுவாக. "விட்ரும்மா."

அப்போதும் பொய்தான். தெரிந்தேதான் செய்திருந்தான்.

பிடி விட்டது. சாவி டக்கென்று எழுந்தது. பிழைத்தோம் என்று வீட்டுக்குப் போனவன் மகளிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் மணி அடித்து இரண்டாம் நிமிஷம், மாயம்மாள் வலது கையைத் தூக்கினாள். இடது சுண்டுவிரல் 'ஏ' சாவிமேல் அழுந்திக் கிடந்தது. சடையாண்டி ஓடினான்.

"என்னப்பா, மிஷின் கோளாறா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஆமாங்கய்யா! கோளாறுதான்! சாவி எந்திரிக்கல!"

சூப்பர்வைசர் மாயம்மாளின் விரலை விலக்கிவிட்டு அவரே அழுத்திப் பார்த்தார். சாவி எழுந்தது. நாலு தடவை அழுத்தினார். நாலு தடவையும் எழுந்தது.

"மக பாஸாகணும்னு பொய் சொல்றியாக்கும்? போய் ஓரமா நில்லு."

அவர் நகர்ந்ததும், சடையாண்டி ஓரம் போவதற்குள், மாயம்மாள் மறுபடி அடித்தாள். சுண்டுவிரல் சாவியோடு கீழே போனது. எழவில்லை.

"அப்பா," என்றாள். "யாரோ என் விரல்மேல விரலை வச்சு அழுத்துறாங்கப்பா. பக்கத்துல பாருங்க, யாரு?"

பக்கத்தில் யாருமில்லை. மகளின் நகத்தின்மேல் தண்ணீர் முத்துமுத்தாக நின்றது. சடையாண்டி துண்டால் துடைத்தான்.

மறுபடியும் ஊறியது.