சேற்றுவெளியில் ஒரு வட்டம்

பனிக்காலத்தில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கடலோரச் சேற்றுவெளியில் எள் விழ இடமில்லாமல் உள்ளான் பறவைகள் இறங்கி இரை கொத்திக்கொண்டிருக்க, தொலைவில் நீரோரமாக ஓரிடத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஒரு கூடத்தின் அளவுக்கு வட்டமான வெறுமை. பறவைகள் அதன் விளிம்புவரை ஓடிவந்து, நின்று, சுற்றிக்கொண்டு போயின.

"நடுவுல ஒரு ஓட்டை இருக்குங்க" என்றாள், டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஓட்டைக்கு நோட்டுல கட்டம் கிடையாது. நீ எண்ணிக்கையைச் சொல்லு" என்றார் பின்னாலிருந்த கணவர்.

அவள் ஆஸ்பத்திரி லேப்பில் வாரம் முழுக்க ரத்த அணுக்களை எண்ணுகிறவள். அவர் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியபின் ஒரு வருடம் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டது இந்தச் சரணாலயம்தான். பருவத்துக்கு ஒருமுறை, வருடத்தில் நான்கு முறை, பறவைகளை எண்ணித் தர வேண்டும். சேற்றை ஒட்டிய மரக்குடிலில் பார்வைத் துளையோரம் அவள். அவள் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் நோட்டோடு அவர். எண்ணுகிறவள் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, எடுத்தால் விட்ட இடம் தெரியாமல் போய்விடும். எழுதுகிறவர் தலை நிமிரக் கூடாது. அவள் சொல்கிற எண்ணை அவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவார். காது கேட்டதற்கு அதுதான் அத்தாட்சி. கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் நான் சொல்வதை மனுஷர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிற ஒரே இடம் அதுதான் என்று லேப்பில் சொல்லிச் சிரிப்பாள்.

கோடையில் உள்ளான்கள் போய்விட்டிருந்தன. காய்ந்த பாசியும் செத்த நண்டும் வெயிலில் வெந்து மூக்கைத் துளைக்க, மிச்சமிருந்த ஆலாப் பறவைகள் வெளிமேல் தாழப் பறந்தன. ஓரிடம் வந்ததும் ஒவ்வொன்றும் சடாரென்று விலகிப் பறந்தது. போன தடவை நீரோரமாக இருந்த வட்டம் இப்போது பாதித் தூரம் உள்ளே வந்திருந்தது.

திரும்பும்போது சரணாலய வாசலில் காவலரிடம் கேட்டாள்.

"அங்க சேறு ஆழம் மேடம். அதான் உக்காராது."

"போன தடவை அது வேற இடத்துலல்ல இருந்துச்சு?"

காவலர் சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகத் தள்ளினார். "இருட்டுறதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க மேடம். நான் அப்படித்தான் செய்யறேன்."

அதன்பின் அவளுக்கு எதிலும் மனம் நிலைக்கவில்லை. லேப்பில் கண்ணாடித் தகட்டை வைத்தாலும் அணுக்களை விட்டுவிட்டு அணு இல்லாத இடத்தைத் தேடினாள். மழைக்காலத்தில் குடிலின் கூரை ஒழுக, ஈர மரத்தின் வாடை நெஞ்சை அடைக்க, வட்டம் துளைக்கு நேரெதிரே ஐம்பது அடி தள்ளிக் கிடந்தது. மழைத்துளி விழுந்து மற்ற இடமெல்லாம் குழிகுழியாகியிருந்தது. வட்டத்துக்குள் சேறு வழவழவென்று அப்படியே இருந்தது.

அன்று காரில் சொல்லிவிட்டாள். "அடுத்த தடவை நான் வரலைங்க. எனக்குப் பயமா இருக்கு."

"மூணு பருவம் எண்ணியாச்சு. நாலாவதை விட்டா மூணும் வீண்மா." நோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார். "பறவை இல்லாத இடத்தைப் பார்த்தா பயம்? நான்தான் உன் பின்னாலயே உக்காந்திருக்கேனே."

மறுபடி அந்தச் சுவரின் முன்னால் அவரை உட்கார வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மழை ஓய்ந்து காற்று திசை மாறிய பருவத்தில், ஒரு சாயங்காலம், நான்காவது முறையாக வந்தார்கள்.

வட்டம் இல்லை.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை லென்ஸை ஓட்டினாள். தொலைவில் நீரோரம் முழுக்கப் பறவைகள் நெருக்கமாக நின்றன, நடுவில் ஒரு இடைவெளிகூட இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வீணாகத்தான் இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"இருநூத்திப் பத்து."

"இருநூத்திப் பத்து." பென்சில் உரசியது. பிறகு முறிந்தது. "அட, முனை போயிடுச்சு. கார்ல சிவப்புப் பென்சில் இருக்கு, ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன். கண்ணை எடுத்துடாதே."

கதவு கிறீச்சிட்டது. காலடிகள் மணலில் தேய்ந்து மறைந்தன. கடல் ஏறிக்கொண்டிருந்தது, நீர் ஏற ஏறப் பறவைகள் குடிலை நோக்கித்தான் ஒதுங்கி வரும், எப்போதும் துளைக்குக் கீழேயே வந்து கொத்தும். இன்று ஒன்றும் வரவில்லை. லென்ஸைத் தாழ்த்தினாள். கீழே ஒன்றுமில்லை. இடப்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கமும் வெறும் சேறு, வழவழவென்று. தொலைவில் நெருக்கியடித்து நின்ற பறவைகள் எல்லாம் ஒரு வளைவான கோட்டில் நின்றன.

வட்டம் போகவில்லை. அதன் நடுவில் இப்போது குடில் இருந்தது.

கதவு கிறீச்சிட்டது. பெஞ்ச் முனகியது. அப்பாடா என்றிருந்தது.

"வந்துட்டீங்களா?"

"ம்."

"சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்பிடலாங்க. முப்பது."

"முப்பது." உரசல் சத்தம்.

"பதினாறு."

"பதினாறு." அவருடைய குரல்தான். சேற்று வாடை அடித்தது. செருப்பில் ஒட்டியிருக்கும். அவள் பின்கழுத்தில் ஈரக்காற்று பட்டது. காற்று எதிரிலிருந்து அல்லவா வீசிக்கொண்டிருந்தது?

லென்ஸைத் தொலைவுக்குத் திருப்பினாள். நீரோரம். பனிக்காலத்தில் வட்டம் இருந்த அதே இடம். பறவைகள் நெருக்கமாக, நிம்மதியாகக் கொத்திக்கொண்டிருந்தன.

அவற்றின் நடுவில் அவர்.

இடுப்புவரை சேற்றுக்குள். முகம் குடிலைப் பார்த்து. வாய் முழுதாகத் திறந்திருந்தது, கத்துகிறார். சத்தம் வரவில்லை. பக்கத்தில் ஒரு உள்ளான் கூட அஞ்சி நகரவில்லை. உயர்த்திய கையில் சிவப்புப் பென்சில். மறு கை குடிலைக் காட்டியது. அவளைக் காட்டவில்லை. அவளுக்குப் பின்னால்.

அவள் வாய் திறந்தாள். எண் எதுவும் வரவில்லை.

"ஒண்ணு" என்றது பின்னாலிருந்த குரல், அவள் சொல்லாததைத் திருப்பிச் சொல்வது போல.

அவள் கண்ணை எடுக்கவில்லை. நீர் அவர் மார்புக்கு ஏறியது. பிறகு கழுத்துக்கு. சிவப்புப் பென்சில் இன்னும் மேலேதான் இருந்தது.

பின்னால், தாளில், எழுதுகிற சத்தம் நிற்கவில்லை.