விழித்ததும் நிறைவேற்றப்படும்

அழித்த போனில் படம் இருக்கக் கூடாது. முந்தின நாள் சாயங்காலம் அவளே தன் கையால் அழித்து, ஒன்றுமில்லாத வெறும் கண்ணாடிப் பலகையாக ஆக்கி, மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போன போன் அது. காலையில் எடுத்துத் தொட்டால் முகப்பில் ஒரு படம். முழுக்கக் கறுப்பு, மேல் ஓரத்தில் மட்டும் முடி கனத்துக்கு ஒரு வெளிச்சக் கோடு. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் அது என்னவென்று பிடிபட்டது. மூடிய இழுப்பறைக்குள் மல்லாந்து கிடக்கிற ஒன்றுக்கு மேலே பார்த்தால் இப்படித்தான் தெரியும்.

ஆபீசில் தாடி என்று கூப்பிடுகிற பக்கத்து இருக்கைக்காரனின் குசும்பு என்று நினைத்துக்கொண்டாள். நாற்பதை நெருங்குகிற ஆள், இன்னும் காலேஜ் பையன் மாதிரி விளையாட்டு. ஆனால் இழுப்பறைச் சாவி அவள் பையில்தான் இருந்தது. போதாக்குறைக்கு அந்தப் போனில் கேமராவே வேலை செய்யாதபடி அடைத்து வைத்திருந்தாள். சரி, பழைய போன், ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டு மறுபடி அழித்தாள்.

அவள் வேலையே அதுதான். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி அது. கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிற மெக்கானிக்குகள் எல்லோருக்கும் கம்பெனி போன் உண்டு. எந்தப் போனில் எது இருக்கலாம், எது கூடாது, எங்கே கேமரா திறக்கலாம் என்பதையெல்லாம் அவள் தன் கம்ப்யூட்டரிலிருந்தே பார்த்துக்கொள்வாள். தொலைந்தால் பூட்டுவாள். திருடு போனால் இருந்த இடத்திலிருந்தே அழிப்பாள். புதிதாக எந்த விதி போட்டாலும் ஒரேயடியாக எல்லோருக்கும் அனுப்பிவிட முடியாது, ஏடாகூடமாகிவிட்டால் அத்தனை பேரும் லிஃப்ட் குழிக்குள் போன் இல்லாமல் நிற்க வேண்டியதுதான். அதனால் முதலில் ஒரு சோதனைப் போனில் போட்டுப் பார்ப்பாள். அந்தப் போனுக்கென்று ஓர் ஊழியனும் இருந்தான். அவள் கற்பனையில் செய்த ஆள். ஆபீசே அவனை டம்மி என்றுதான் கூப்பிடும்.

சம்பளம் கேட்காத, லீவு போடாத ஒரே ஊழியர் நம் டம்மி சார்தான் என்று மேனேஜர் மீட்டிங்கிலேயே கிண்டலடிப்பார். பூட்டு, திற, கத்த விடு, அழி, மறுபடி உயிர் கொடு, மறுபடி அழி. அழித்த ஒவ்வொரு தடவையும் அது புதுப் போன் மாதிரி விழித்து, மொழி மொழியாக வணக்கம் காட்டி, யாராவது தொடுவதற்குக் காத்திருக்கும். இந்த ஐந்து வருஷத்தில் எத்தனை தடவை என்று யார் கணக்கு வைத்தார்கள்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனைப் பதிவு செய்தபோது கம்ப்யூட்டர் விடாப்பிடியாகப் பிறந்த தேதி கேட்டது, வீட்டு முகவரி கேட்டது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட என்று கேட்டது. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு வந்த நாட்கள் அவை. மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை. மகள் பிறந்த தேதியைப் போட்டாள். தன் வீட்டு முகவரியைப் போட்டாள். தன் நம்பரைக் கொடுத்து, உறவு என்ற இடத்தில் 'அம்மா' என்று அடித்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான்.

படம் வந்த அதே வாரத்தில் ஒரு நாள், தொலைந்த போனின் பூட்டுத் திரையில் செய்தி காட்டுவதைச் சோதிக்க வேண்டியிருந்தது. 'சோதனை' என்று அடித்து அனுப்பினாள். மேஜைமேல் கிடந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. திரையில் வேறு எழுத்துகள் வந்தன.

'இன்னொரு தடவை வேண்டாம்மா.'

தாடியைக் கூப்பிடுவதற்குள் எழுத்து மாறி 'சோதனை' என்று சாதுவாக நின்றது. தாடி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான், தான் தொடவே இல்லை என்றான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிண்டல் செய்யாமல் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தான். அதுவே அவளை இன்னும் பயமுறுத்தியது. மேனேஜரிடம் படத்தைப் பற்றி மட்டும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, புதுப் போன் வாங்கிக்கொள்ளலாம், இந்த டம்மியைத் திங்கட்கிழமைக்குள் மொத்தமாகத் தூக்கிவிடுங்கள் என்று முடித்துவிட்டார்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை மதியம் கம்பெனி லேப்டாப்பும் அந்தப் போனும் அவள் வீட்டுக் கூடத்தில் இருந்தன.

வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போயிருந்தார். மகள் குட்டி சாப்பிட்டுவிட்டு, பாலில் ஆடை மிதக்கிறது என்று ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு, உள்ளறைக் கட்டிலில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கம்பிகளில் பழைய மழையின் துரு வாசனை, சுவரில் ஈரச் சுண்ணாம்பின் வாசனை, உள்ளே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டக்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. குழாயைச் சரியாக மூடவில்லை போல, சமையலறையில் தண்ணீர் சொட்டுகிற சத்தமும் அதனோடு சேர்ந்து கேட்டது. அவள் லேப்டாப்பைத் திறந்து டம்மியின் பக்கத்துக்குப் போனாள். ஒழிந்து தொலையட்டும் சனியன் என்று அந்தப் பொத்தானை அமுக்கினாள்.

'இந்த ஊழியரின் எல்லாக் கருவிகளையும் அழிக்கவா? திரும்பப் பெற முடியாது.'

ஆம் என்றாள்.

மேஜைமேல் இருந்த போன் துடித்தது. வழக்கமான சின்ன அதிர்வு இல்லை. மரத்தில் உரசி, நகர்ந்து, மேஜை விளிம்புவரை வந்து நின்றது. திரை அணைந்தது. லேப்டாப்பில் பதில் வந்தது.

'ஒன்று முடிந்தது. ஒன்று காத்திருக்கிறது.'

இன்னொன்றா? டம்மிக்கு இருந்ததே ஒரு போன்தான். எதற்கும் பார்ப்போமே என்று பக்கத்தைக் கீழே நகர்த்தினாள். இரண்டாவது கருவி ஒன்று அங்கே இருந்தது. தயாரிப்பு என்ற இடம் காலி. இருக்கும் இடம், அவள் வீடு. பாட்டரி அறுபதுக்கு மேல், ஏறிக்கொண்டிருக்கிறது. நிலை: உறக்கம். கட்டளை: அழி. விழித்ததும் நிறைவேற்றப்படும்.

கருவியின் பெயர்: குட்டி.

முதலில் அவள் நிஜமாகவே வீட்டில் வேறு போன் தேடினாள். சோபா இடுக்கு, பொம்மைக் கூடை, அலமாரி. அவள் போன் அவள் பெயரில் பதிவாகியிருந்தது, அவருடைய போனுக்கும் இந்தக் கம்பெனிக்கும் ஒட்டு உறவு கிடையாது. பொம்மைக் கூடையில் கையை விட்டபடி நின்றபோது உள்ளறையில் குட்டி இருமினாள். லேப்டாப் திரையில் ஒரு வரி மாறியது.

'கடைசித் தொடர்பு: இப்போது.'

உள்ளறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். குட்டி முகத்தைச் சுளித்து, உதட்டைச் சப்பி, மறுபடி அடங்கினாள். திரையில் 'இப்போது' போய் 'சற்று முன்' வந்தது. குட்டி சுவர்ப் பக்கம் புரண்டாள். 'இப்போது.' அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தாடிக்குப் போன் போட்டாள். அனுப்பின அழிப்பை எப்படி நிறுத்துவது என்று கேட்டாள்.

"அனுப்பினா அனுப்பினதுதான்," என்றான் அவன். "நீதானே அப்படி வைக்கச் சொன்னே? திருடன் கையில போனா எவனும் நிறுத்த முடியாதபடி இருக்கணும்னு மேனேஜர்கிட்ட சண்டை போட்டியே."

"ஏதாவது வழி சொல்லு. தப்பான ஒண்ணுக்கு அனுப்பிட்டேன்."

"பேக்கப் இருக்கா?"

அவள் சாத்திய கதவில் காதை வைத்து உள்ளறைச் சத்தத்தைக் கேட்டாள்.

"இல்லையா? அப்ப ஒண்ணே ஒண்ணுதான். அது முழிக்கக் கூடாது. முழிச்சாத்தானே ஆர்டர் போகும்? பேசாம ஆஃப் பண்ணி வச்சுடு. உள்ள இருக்கிறது தப்பிச்சிடும்." கொஞ்சம் நிறுத்தி, "யாரோடது? ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?" என்றான்.

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

இன்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன. லேப்டாப்பில் பாட்டரி மட்டும் ஏறிக்கொண்டேயிருந்தது, எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது. தொடர்பே இல்லாத திரைக்கு யார் சொல்கிறார்கள்? மூடினாள். மூடிய பிறகு தெரியாமல் இருப்பது அதைவிட மோசமாக இருந்தது. திறந்தாள். எண்பத்தொன்று.

நாற்காலி போட்டு ஏறி அழைப்பு மணியைக் கழற்றினாள். குழாயை இறுக்கி மூடினாள், அப்படியும் சொட்டியது, கீழே துணியைப் போட்டாள். வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினாள். வந்தால் கதவைத் தட்டாதீர்கள், உள்ளே வராதீர்கள், வெளியிலேயே நில்லுங்கள். என்ன, மகாராணி தூங்குறாங்களா, ஆகட்டும் என்று பதில் வந்தது. கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று.

பிறகு உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

குட்டியின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. தலையணையில் எச்சில் கறை. முட்டியில் போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்த காயம், அதைத் தொடக்கூடாது என்று ஊரையே கூட்டினாளே. இதெல்லாம் எங்கே இருக்கிறது? சைக்கிள் ஓட்டத் தெரிந்தது எங்கே இருக்கிறது? இருட்டில் அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும் என்பது, அப்பா குறட்டை விடுவதை நடித்துக் காட்டுவது, ஆடை மிதக்கிற பால் பிடிக்காதது, எல்லாம் இந்தச் சின்ன மண்டைக்குள் எங்கோ இருக்கிறது. அழித்துவிட்டேன். என் கையால் ஆம் என்று அமுக்கிவிட்டேன். அழுகைச் சத்தம் வந்துவிடும் என்று புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஆஃப் பண்ணி வச்சுடு. உள்ள இருக்கிறது தப்பிச்சிடும்.

அவள் கை குட்டியின் மூக்குக்கு மிக அருகில் இருந்தது. சூடான மூச்சு விரல்களில் பட்டது. கை எப்போது அங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. பதறிப்போய் இழுத்துக்கொண்டாள். இழுத்த கையை மற்றக் கையால் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள்.

மழை வரவில்லை. வெளிச்சம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சுவர் மூலைகள் முதலில் மறைந்தன, பிறகு அலமாரி, பிறகு கதவு. மின்விசிறியின் 'டக்'. மறுபடி 'டக்'. கூடத்தில் லேப்டாப்பின் நீல வெளிச்சம் தரையில் நீண்டு வாசற்படி வரைக்கும் வந்திருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளுக்கு எண் தெரிந்தது.

தொண்ணூற்றாறு.

தூங்கு கண்ணே. இன்னும் கொஞ்சம்.

தொண்ணூற்றெட்டு.

குட்டியின் மூச்சு மாறியது. கண்ணிமைக்குள் விழிகள் உருண்டன. விரல்கள் விரிந்து மூடின. அவள் குனிந்து மகளின் காதோடு வாய் வைத்து, தூங்கு, தூங்கு, அம்மா இங்கேதான் இருக்கேன் என்று முணுமுணுத்தாள். முதுகை வருடினாள். அது உள்ளங்கைக்குச் சூடாக இருந்தது. மிகவும் சூடாக. உள்ளே எதுவோ ஓடிக்கொண்டிருப்பதுபோல ஒரு மெல்லிய, நிற்காத அதிர்வு.

கூடத்தின் நீல வெளிச்சம் அணைந்தது.

குட்டி கண்ணைத் திறந்தாள்.

சோம்பல் முறிக்கவில்லை. கண்ணைக் கசக்கவில்லை. அழவில்லை. மல்லாந்து திரும்பி நேராக மேலே பார்த்தாள். அந்த இருட்டிலும் அவள் கண்கள் தெளிவாகத் தெரிந்தன.

"குட்டி," என்றாள் அவள். "அம்மாடா. இங்க பாரு."

குட்டி பார்க்கவில்லை. வாய் திறந்தது. குரல் குட்டியுடையதுதான். அதே மழலை, அதே கீச்சு.

"வணக்கம்," என்றது அது.

பிறகு காத்திருந்தது. யாராவது ஏதாவது செய்வார்கள் என்பதுபோல, பொறுமையாக. அப்புறம் அதே தொனியில், "ஹலோ." மறுபடி அதே அளவு மௌனம். "நமஸ்தே." அவள் மகளின் தோள்களைப் பிடித்து உலுக்கினாள், முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள், முத்தமிட்டாள். திருப்பின பக்கம் திரும்பியது முகம். கண் மட்டும் எங்கும் நிற்கவில்லை. "போன்ஜூர்." அப்புறம் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத மொழிகள். அந்த வீட்டில் யாரும் கேட்டே இராத மொழிகள்.

வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே அவர் நின்று, சொன்ன சொல் தவறாமல், தட்டாமல் காத்திருந்தார்.

அவள் குட்டியின் கையை எடுத்துத் தன் காது மடலில் வைத்து அழுத்தினாள். "அம்மா," என்றாள். "நான் உன் அம்மா. சொல்லு, அம்மா."

விரல்கள் மடலில் ஒட்டாமல் நழுவி மெத்தையில் விழுந்தன. குட்டி அதே அளவு நேரம் காத்திருந்தாள். பிறகு அடுத்த மொழிக்குப் போனாள்.