கல்மேசையில் ஒரு கோப்பை டீ

தைவானின் ஹுவாலியென் நகரம். காலை பதினொன்றரை. கோயிலிலிருந்து திரும்பிய லியாவ் ஷியூ-யின் அலமாரியைத் திறந்தாள். ஜேடு என்னும் பச்சைக்கல் வளையலைக் காணோம். அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. சாயங்கால ரயிலில் மகன் வந்து இறங்குவதற்குள் மருமகள் பெய்-ட்ஸு வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

விசாரிக்க வந்த போலீஸ் சார்ஜென்ட் ஃபான் லி-யுன்னுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. நடந்துகொண்டே விசாரிப்பாள். முதலில் சமையலறையில் இருந்த பெய்-ட்ஸு.

"காலைல என்ன பண்ணின?"

"அம்மா கோயிலுக்குக் கிளம்பினதும் கூடத்து டீ மேசைக்கு சீலர் பூசினேன் மேடம். மார்பிளாச்சே, பூசலைன்னா டீக்கறை உள்ள இறங்கிடும். அப்புறம் மீன் சந்தைக்குப் போயிட்டேன்."

"பூசினதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"எங்க சொல்ல விட்டாங்க? திரும்பி வந்து கொஞ்ச நேரத்துலயே திருடின்னுட்டாங்க." பெய்-ட்ஸு மீன் கூடையைக் கீழே வைத்தாள். "அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்வேன்?"

 ஃபான் விறுவிறுவென்று கூடத்துக்கு வந்தாள். அங்கே ஒரே சாட்சி, ஷியூ-யின்னின் தம்பி மிங்-ஹுய். ஜூன் மாதப் புழுக்கத்திலும் ஜாக்கெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்ன பார்த்தீங்க?"

"சந்தையிலேருந்து வந்தா. நேரா அக்கா ரூமுக்குள்ள போனா. அவ சந்தைக்குப் போனப்புறம் வந்த நான் அதுவரைக்கும் இங்கயே டீ போட்டுக் குடிச்சிட்டிருந்தேன். எழுந்திருக்கவே இல்லை."

"இதே மேசையிலயா?"

"பின்ன? தரையிலயா?"

ஃபான் குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறக் கல், ஓரத்தில் தண்ணீர் வடியும் பள்ளம். ஒரு பொட்டுக் கறை இல்லை.

"எனக்கும் ஒண்ணு போடுங்கண்ணே. நாக்கு வறண்டுபோச்சு."

மிங்-ஹுய் குடுவையில் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடினான். பிறகு ஊர்வழக்கப்படி மூடிய குடுவையின் தலையிலும் கொதிநீரை ஊற்றினான். தண்ணீர் கல்லெங்கும் ஓடியது.

"ஐயோ மாமா! நாளைக்கு வரைக்கும் ஈரம் படக்கூடாது!"

பெய்-ட்ஸு துணியோடு ஓடி வந்தாள். தண்ணீர் ஓடிய இடமெல்லாம் கல் கஞ்சித்தண்ணியாய் வெளுத்துவிட்டது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

ஷியூ-யின் உட்பட எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். ஃபான் மட்டும் மிங்-ஹுய்யைப் பார்த்தாள்.

"வளையலை எடுத்தது நீங்கதான். காலைல பூசின சீலர் இன்னும் காயலை, தண்ணி பட்டா வெளுத்துடும். குடுவை தலையில தண்ணி ஊத்தாம டீ போடற ஆள் நம்ம ஊர்ல இன்னும் பிறக்கலை. நீங்க நிஜமாவே டீ போட்டிருந்தா இந்த வெள்ளை அப்பவே வந்திருக்கணும். நான் பார்த்தப்போ மேசை கண்ணாடியா இருந்துச்சு. நீங்க இங்க உக்காரவே இல்லை, அக்கா ரூம்ல இருந்தீங்க. ஜாக்கெட்டைக் கழட்டுங்க."

உள்பையிலிருந்து வளையல் வந்தது. ஷியூ-யின் தம்பியை ஓங்கி ஒரு அறை விட்டாள். 

பெய்-ட்ஸு இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பழைய பூச்சை எடுத்துட்டு மறுபடி பூசினா சரியாயிடும்மா."

"தொடாதே." ஷியூ-யின் துணியைப் பிடுங்கினாள். "இருக்கட்டும். ஒவ்வொரு தடவை டீ ஊத்தறப்பவும் இதை நான் பார்க்கணும்."

சொல்லிவிட்டு மருமகளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.