மூச்சு வாங்காத பக்கவாத்தியம்

செவ்வாய்க் குடியிருப்பில் வாய்விட்டுப் பாட வேண்டுமென்றால் அனுமதி வேண்டும். நிலத்துக்கடியில் குடைந்த ஊர் அது. பிராணவாயுவை ஆலையில்தான் வடிக்கிறார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் விடுகிறார்கள். கழுத்தில் பதித்திருக்கும் மூச்சுமானி, பங்கைத் தாண்டினால் கீச்சிடும். ஆகவே அங்கே யாரும் ஓடுவதில்லை, குளிக்கும்போது முணுமுணுப்பதுகூட இல்லை. அன்று காலை காற்று நிலையத்தின் வரிசையில் ஒரு பெரியவர், தொடர்ந்து தும்மிவிட்டதற்காக முன்னால் நின்றவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தன் பயிற்சி மூச்சை வாங்கிப்போக அபரஞ்சி நின்றிருந்தாள்.

பயிற்சி மூச்சு என்பது பாடகர் பணிக்கான தேர்வுக் கச்சேரி வரைக்கும் கொடுக்கிற கூடுதல் காற்று. ஆண்டுக்கு ஒருவர்தான் தேர்வுக்கு நிற்கலாம், அதுவும் ஆயுளில் ஒரே தடவை. தேறினால் பாட்டே பிழைப்பு. தேறாவிட்டால் கூடுதல் காற்று அன்றோடு நின்றுவிடும். காற்று ஆலையின் பாசித் தொட்டி கழுவப் போக வேண்டியதுதான். அப்புறம் தனியறையில் நாலு வரி பாடக்கூட மூச்சு இருக்காது. அபரஞ்சிக்கு இப்போது அந்த முறை வந்திருந்தது.

அவள் குரலைக் கேட்டவர்களுக்கு அவள் தேறுவாள் என்பதில் சந்தேகமே இல்லை. சிக்கலே அங்கேதான். பாடகர்களுக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் பொதுவாக ஒரே காற்றுக் கிடங்கு. ஒரு வாய் கூடினால் ஒவ்வொருவர் பங்கிலும் கொஞ்சம் குறையும். சும்மா விடுவார்களா?

"குரல் என்னவோ நல்லாத்தான் இருக்கு. மேல போறப்பத்தான் லேசா பிசிறடிக்குது" என்றார் ஒருவர். "பாசித் தொட்டி வேலை ஒண்ணும் மோசமில்லம்மா, நிம்மதியா தூங்கலாம்" என்றார் இன்னொருவர். இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிடலாம். ஆனால் மிருதங்கம் வாசிக்கும் கிருபாநிதியை என்ன செய்வது? சின்னச் சின்னக் கச்சேரிகளில் அவர்தான் அவளுக்குப் பக்கவாத்தியம். அவளுக்குக் கைதட்டல் விழுந்தால் போதும், அவர் விரல்கள் ஒரு மயிரிழை வேகம் கூட்டிவிடும். தாளம் அவள் காலடியிலிருந்து நழுவிப்போகும். கச்சேரி முடிந்ததும் அவரே வந்து, "ஏம்மா இன்னிக்கு அப்படி அவசரப்பட்டே?" என்று கேட்பார். மனுஷனுக்குக் கூச்சமே கிடையாது.

அந்தக் கூட்டத்தில் அவளோடு நல்லவிதமாகப் பழகியவள் சுகிர்தா ஒருத்திதான். அடுத்த ஆண்டு தேர்வு அவளுக்கு. இருந்தும், அபரஞ்சியின் பயிற்சி மூச்சு தீர்ந்துபோன ஒரு நாள், தன் பங்கில் பாதியை அவளுக்கு மாற்றிவிட்டு, "பரவாயில்லக்கா, நான் படுத்துத் தூங்கிக்கிறேன்" என்றாள்.

மனிதர்களே வேண்டாம் என்று அபரஞ்சி கடைசியில் தேவசகாயத்தின் பட்டறைக்குப் போனாள். அவர் மிருதங்கம் வாசிக்கும் இயந்திரன் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். 'தாளன்' என்று பெயர். இரண்டு நூற்றாண்டுக் கச்சேரி ஒலிப்பதிவுகளை ஊட்டி வளர்த்தது.

"இதுக்கு மூச்சே வேண்டாம்மா. உங்க மூச்சு மேல இது ஏன் கண் வைக்கப் போகுது?" என்றார்.

அபரஞ்சி மனம் விட்டுச் சிரித்தாள். பயிற்சிக்கு உட்கார்ந்த முதல் நாளே அழுதும்விட்டாள். அப்படி ஒரு வாசிப்பு. அவள் நினைப்பதற்கு முன்னால் அது அறிந்துகொண்டது, அவள் இழுத்தால் இழைந்தது, நிறுத்தினால் நின்றது. இத்தனை வருஷமாகத் தன்னிடம்தான் ஏதோ குறை என்று பாதி நம்பிக்கொண்டிருந்தவளுக்கு, அப்பாடா என்றிருந்தது.

தேர்வுக் கச்சேரியன்று அரங்கம் நிறைந்திருந்தது. ராகத்தை விரித்துப் பாடி முடித்து ஸ்வரத்துக்கு வந்தபோது கைதட்டல் எழுந்தது. கைதட்டலும் மூச்சுச் செலவுதான், அந்த ஊரில் லேசில் யாரும் தட்டமாட்டார்கள். அடுத்த சுற்றில் தாளம் ஒரு மயிரிழை முந்தியது. அபரஞ்சி விரைந்து அதை எட்டிப் பிடித்தாள். மறுபடி கைதட்டல், மறுபடி முந்தல். மூன்றாவது தடவை அவள் வந்து விழுந்த இடம் தப்பு என்று பாமரனுக்கும் தெரிந்துபோனது. அதற்கப்புறம் குரலும் நடுங்கியது.

கிருபாநிதி வாசித்திருந்தால் பாதிப் பேராவது அவரைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். இயந்திரம் தப்பு பண்ணுமா? "பாவம், தாளஞானம் போதவில்லை" என்று நடுவர்கள் எழுந்து போனார்கள். தேறாதவள் என்று அன்றே அறிவித்துவிட்டார்கள்.

தேவசகாயம் தாளனைப் பிரித்து மேய்ந்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பழுதெல்லாம் இல்லம்மா. ஒலிப்பதிவுகள்ல அப்படித்தான் இருக்கு. பாடுறவருக்குக் கைதட்டல் வருது, உடனே மிருதங்கக்காரர் வேகத்தைக் கூட்டுறாரு. ஒரு இடமா, ரெண்டு இடமா? இதுவும் சங்கீத இலக்கணம்னு இது கத்துக்கிச்சு. பயிற்சியில யாரும் கை தட்டலையே, அதான் தெரியாமப் போச்சு."

"சரிபண்ண முடியுமா?"

"ஒரு வாரத்து வேலை. ஆனா வாசிக்க வெச்சுக்கிட்ட கலைஞர் புகார் குடுத்தாத்தான் நான் கை வைக்கலாம், சட்டம் அப்படி. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க முடிவை மாத்த மாட்டாங்க. அடுத்து வர்றவங்களாவது தப்பிப்பாங்க."

அடுத்து வர்றவங்க. அதாவது சுகிர்தா. "அப்புறம் சொல்றேன்" என்றாள் அபரஞ்சி.

பாசித் தொட்டியில் முழங்கால் வரை பச்சைக் குழம்பில் நின்று அவள் சுவர் தேய்த்தாள். பழைய கூட்டாளிகள் தேடி வந்தார்கள். கிருபாநிதி கண் கலங்கி, "உன் குரல் மாதிரி இந்தக் கிரகத்துலயே கிடையாதும்மா" என்றார். வேஷம் இல்லை, நிஜமாகவே கலங்கினார். தோற்றவளைப் பாராட்டுவதில் யாருக்கு என்ன நஷ்டம்? புகார் கொடுக்க வேண்டும் என்று அவள் நினைக்காத நாளில்லை. நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று மாதங்கள் போயின.

ஒரு நாள் சுகிர்தா தொட்டிக் கரைக்கு வந்து உட்கார்ந்தாள். பயிற்சி மூச்சில் கன்னம் பூரித்து, முகம் தெளிந்திருந்தது. பார்த்ததும் அபரஞ்சிக்கு நெஞ்சுக்குள் ஏதோ எரிந்தது.

"அக்கா, கிருபாநிதி சார் என்னைப் படுத்துறாருக்கா. தாளனை வெச்சுக்கலாமான்னு பார்க்குறேன். அன்னிக்கு உங்களுக்கு அதால ஏதாவது...? நீங்க சொன்னா சரி, வேற யாரையும் கேட்கமாட்டேன்."

அபரஞ்சி தேய்ப்பதை நிறுத்தினாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அது மேல ஒரு தப்பும் இல்ல சுகிர்தா. எனக்குத்தான் பயம் வந்துடுச்சு. நீ தயங்காம வெச்சுக்கோ."

சுகிர்தா அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

சுகிர்தாவின் தேர்வுக் கச்சேரிக்கு அபரஞ்சி வேலையிலிருந்து நேராகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் அருமையாகப் பாடினாள். ராகம் முடிந்து, ஸ்வரம் பிறந்து, ஒரு பிடி அற்புதமாக வந்து விழுந்தது. அரங்கம் சொக்கிப்போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அபரஞ்சி எழுந்து நின்று, எல்லோருக்கும் முந்தி, உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கைதட்டினாள்.

"என்ன பெரிய மனசு பார்!" என்றார் பக்கத்தில் இருந்தவர். அவரும் தட்டத் தொடங்கினார்.