அணைத்து வைத்த ஹீட்டர்

மேகம் கூரைவரை இறங்கியிருந்த ஒரு ஜனவரிப் பிற்பகலில், சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மெஹர் நிஷாவின் பிடரியில் வெதுவெதுப்பான காற்று வந்து பட்டது. மேலே கூரையில் பதித்திருந்த ஹீட்டர் காற்றுத் துவாரமான வென்ட்டிலிருந்து அது வந்தது. இதமாகத்தான் இருந்தது. ஆனால் வேலைக்குப் போகும்போது ஹீட்டரைத் தன் கையாலேயே அணைத்துவிட்டுப் போயிருந்தாள்.

கத்தியை வைத்துவிட்டு ஹாலுக்குப் போய்ப் பார்த்தாள். சுவரில் ஹீட்டரை இயக்கும் தெர்மோஸ்டாட் அணைந்துதான் கிடந்தது.

கேட்டி என்ற இந்த அமெரிக்க ஊரில் வாடகை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முன்பணம் கட்டித்தான் கரண்ட் எரிகிறது. போனில் காசு போட்டால் ஓடும். தீர்ந்தால் யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள், தானாக நின்றுவிடும். கணவன் ஷம்சுதீன் வேலை போனபின் இருந்த கிரெடிட் கார்டுகளையெல்லாம் வழித்துவிட்டு, கத்தாரில் வேறு வேலை கிடைத்ததென்று போய்ச் சேர்ந்தான். அந்தக் கார்டுகளில் அவள் பெயரும் இருந்ததால் கட்டாத கடன் அவள் தலையிலும் விழுந்து, டெபாசிட் கேட்காமல் கனெக்‌ஷன் கொடுக்க வேறு எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. ஊரெல்லாம் எரிவதற்கு எண்ணெய்க் குழாய் வரைந்து கொடுத்த எஞ்சினியர் அவன். அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

ஹீட்டர்தான் காசைத் தின்னும் என்பது முதல் மாதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பகலில் போடுவதில்லை. ராத்திரியில் உறைகிற அளவுக்குக் குளிர்ந்தால் மட்டும் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு, இரண்டு பேரும் ஒரே கம்ஃபர்ட்டர் மெத்தைப் போர்வைக்குள் சுருண்டுகொள்வார்கள்.

"ஃபைஹா, ஹீட்டர தொட்டியா?"

படுக்கையறைத் தரையில், அங்கிருந்த வென்ட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த மகள் நிமிராமல் சொன்னாள். "நோ, உம்மா."

"பொய் சொல்லாதே. யாரு காசு கட்டுறா, உங்க வாப்பாவா?"

"ஐ டிடின்ட் டச் இட்!" பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. சமாதானப்படுத்தக் கையைப் பிடித்தாள் மெஹர் நிஷா. அறை அத்தனை கதகதப்பாக இருந்தும் விரல்கள் சில்லென்றிருந்தன.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து வழக்கமான மெசேஜ் வந்தது. ஹீட்டர் ஓடியதற்கான அடையாளமே அதில் இல்லை. ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் போனது மட்டும்தான் கணக்கில் வந்திருந்தது. மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். போன் பண்ணிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். எதற்குச் சொல்ல வேண்டும்? இத்தனை நாள் எல்லோரும் அவளிடமிருந்து எடுத்தார்களே ஒழிய, ஒருத்தரும் எதுவும் கொடுத்ததில்லை. இதையாவது விட்டுவைக்கலாம். ஃபைஹாவின் மெத்தையை அவளே இழுத்து வென்ட்டுக்குக் கீழே போட்டாள்.

அந்த வாரம் முழுக்க வீடு கதகதவென்றிருந்தது. பிள்ளைதான் வாடிக்கொண்டே வந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. ஓடியாடவில்லை. எப்போது பார்த்தாலும் அந்த மெத்தையிலேயே கிடந்தாள். வெள்ளிக்கிழமை பனிமழை வந்து பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மெஹர் நிஷா வேலை பார்க்கும் டேகேர் குழந்தைகள் காப்பகத்தையும் மூடினார்கள். கத்தாரிலிருந்து அன்றைக்கென்று ஷம்சுதீன் கூப்பிட்டான்.

"அங்க ஒரே ஐஸாமே. ஹீட்டர நல்லா போட்டுக்க வேண்டியதுதானே?"

"நீங்க காசு போட்டீங்களா?"

"அடுத்த மாசம் பாக்கலாம். பிள்ள எப்படி இருக்கா?"

"வந்து பாருங்க" என்று போனை வைத்துவிட்டாள். அந்த எரிச்சலோடுதான் கராஜுக்குப் போனாள். மீட்டரோ வயரோ எது கெட்டிருந்தாலும் தெரிந்துவிட வேண்டும். சுவரில் இருந்த மின்பெட்டியைத் திறந்து, ஹீட்டருக்குப் போகும் பிரேக்கர் சுவிட்சைக் கீழே தள்ளினாள். டப்பென்று விழுந்தது.

திரும்பி வந்து படுக்கையறை வாசலில் நின்றாள்.

வெளியே ஐஸ் துகள்கள் ஜன்னலில் மணல் வாரி இறைத்ததுபோல் உரசிக்கொண்டிருந்தன. உள்ளே மோட்டார் உறுமவில்லை, எங்கேயும் எதுவும் ஓடவில்லை. ஆனாலும் வென்ட்டின் தகரத் தகடுகள் மெல்ல அசைந்தன, காற்று இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. இத்தனை நாள் அது விட்டுவிட்டு வருகிறது என்பதைக் கூட அவள் கவனித்திருக்கவில்லை. கொஞ்சம் ஈரமான காற்று. அதில் ஒரு வாசனை இருந்தது. பாலும் இருமல் மருந்தும் தூக்கத்தின் வேர்வையும் கலந்த அந்த வாசனை அவளுக்கு நன்றாகத் தெரியும். காய்ச்சல் வந்த ராத்திரிகளில் மகளின் கழுத்தடியில் மூக்கை வைத்து முகர்ந்த வாசனை.

ஃபைஹா மல்லாந்து கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

பிள்ளையின் நெஞ்சு உயர்ந்தது. காற்று நின்றது.

நெஞ்சு தாழ்ந்தது. காற்று வந்தது.

"ஃபைஹா!"

ஓடிப்போய் அள்ளினாள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இறைச்சி போலிருந்தது உடம்பு. தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைத்தாள். எண்ணே காட்டவில்லை. மறுபடி வைத்தாள். இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள், ரோடெல்லாம் ஐஸ், நேரமாகும் என்றார்கள். கராஜுக்கு ஓடி பிரேக்கரை மேலே தள்ளினாள். வாடகைக்கு எடுத்து வைத்திருந்த பணத்தையெல்லாம் கரண்டுக்குப் போட்டாள். ஹீட்டரை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினாள். மோட்டார் உறுமியது. வீடு கொதித்தது. அவளுக்கு வேர்த்து ஊற்றியது. மகளின் கை ஜில்லென்றே இருந்தது.

இந்த வீட்டில் இருக்கக் கூடாது. அது மட்டும் புரிந்தது.

கம்ஃபர்ட்டரில் பிள்ளையைச் சுற்றிக் காரின் முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டாள். ரிவர்ஸ் எடுத்தாள். டயர் வழுக்கியது. கார் அரைவட்டம் போட்டு, வீட்டு முன்னாலிருந்த டிரைவ்வே பாதையின் முனையில், வீட்டைப் பார்த்து நின்றது. அதற்குமேல் நகரவில்லை. சக்கரம் சும்மா சுற்றியது.

"யா அல்லா... ஃபைஹா, உம்மாட்ட பேசும்மா. தூங்காதே. பேசு."

குளிரில் மெஹர் நிஷாவின் வாயிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. ஒவ்வொரு சொல்லுக்கும் புகை.

"ஐ ஆம் நாட் கோல்ட், உம்மா" என்றாள் ஃபைஹா. தெளிவாகச் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மகளின் வாயிலிருந்து புகை வரவில்லை.

மெஹர் நிஷா மகளின் உதட்டருகே கன்னத்தைக் கொண்டுபோனாள். காத்திருந்தாள். ஒன்றும் படவில்லை. நெஞ்சு மட்டும் பெல்ட்டுக்கு அடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"லுக், உம்மா."

பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தாள்.

ஆளில்லாத வீட்டில், படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்தது. வெள்ளையாக. வட்டமாக. கண்ணாடியோடு வாயை ஒட்டி வைத்து ஊதியதுபோல. படர்ந்தது. சுருங்கியது. மறைந்தது.

பக்கத்தில் மகளின் நெஞ்சு ஏறியது.

இறங்கியது.

கண்ணாடி மறுபடி வெளுத்தது.