நெஞ்சுக்குள்ளே காந்தம்

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த உலோகச் சோதனை வளைவு, அவள் நுழைந்ததும் ‘கீய்ங்...’ என்று அலறியது.

“என் பைதாங்க... ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர். பாவம், அவங்களை விடுங்க,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். நெற்றியில் கிரீஸ், கண்ணில் குறும்பு.

“உங்க பை மேஜைமேல இருக்கு சார். சத்தம் இவங்ககிட்ட இருந்துதான் வருது,” என்றார் காவலாளி. “மேடம், பாக்கெட்ல என்ன?”

அவள் நீச்சல் கற்றுத்தருகிறவள். அக்கரையில் இருப்பவனுக்குக் கேட்கும்படி பேசியே பழகிய தொண்டை. “பாக்கெட்ல ஒண்ணுமில்ல. நெஞ்சுக்குள்ள காந்தம் இருக்கு. போதுமா?”

வரிசை மொத்தமும் திரும்பியது.

“ஓஹோ... அதான் என் ஸ்பேனரெல்லாம் அந்தப் பக்கமே இழுக்குதா!” என்று சிரித்தான் அவன்.

அவள் திரும்பி ஒரே ஒரு பார்வை பார்த்தாள். பெரிய கண்கள்... கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் ஈரமும் இருந்தது. அவன் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மூன்றாம் மாடி வராந்தாவில் அவனுடைய அக்கா காத்திருந்தாள். அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். வரும் திங்களன்று ஒரு பக்கத்தை எடுக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு என்ன என்று டாக்டர் விளக்கியதெல்லாம் கலக்கத்தில் காற்றோடு போயிருந்தது.

எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள், வாசலில் பார்த்த அவள்.

“நீயும் இதுக்குத்தானாம்மா?” அக்கா கேட்டுவிட்டாள்.

“ஆமாக்கா. எனக்கு எடுத்தாச்சு. இப்ப உள்ள எக்ஸ்பாண்டர் இருக்கு. ஒரு பைன்னு வெச்சுக்கோங்க. வந்து போறப்பெல்லாம் ஊசி வழியா கொஞ்சம் கொஞ்சமா உப்புத்தண்ணி ஏத்துவாங்க. தோல் மெதுவா இடம் குடுக்கும். அப்புறம் இன்னொரு ஆபரேஷன்ல இதை எடுத்துட்டு நிரந்தரமானதை வைப்பாங்க.”

“வலிக்குமா?”

“தண்ணி ஏத்தின அன்னிக்கு இறுக்கிப் பிடிக்கும். தசைக்கு அடியில வெச்சா வலி கூட. மேல வெச்சா குறைச்சல்னு சொல்றாங்க, ஆனா தோல் நல்லா இருக்கணும். டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். சிலருக்கு வயித்துச் சதையையே எடுத்து வைக்கலாம், அது பெரிய ஆபரேஷன். எதுவுமே வேண்டாம்னாலும் தப்பில்லக்கா. உங்க உடம்பு, உங்க இஷ்டம்.”

“காந்தம்...?” என்றான் அவன், மெல்ல.

“அந்தப் பையில ஊசி போடற வாய் எங்கேன்னு நர்ஸ் வெளியிலிருந்து கண்டுபிடிக்க. இது இருக்கிறவரை எம்.ஆர்.ஐ. பக்கமே போகக்கூடாது.”

அவன் முகம் சுண்டிப்போயிற்று. “நான் ஒரு மடையன்ங்க.”

“தெரியும்.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். சிரிப்பு வருதே... சே, இவன்கிட்டயா?

அக்காவும் எக்ஸ்பாண்டரையே தேர்ந்தெடுத்தாள். காயம் ஆறியதும் அவளுக்கும் வியாழக்கிழமைகளில் ஊசி. அதனால் அவனும் வந்தான். வெளியே மழை, உள்ளே காபி. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு மாப்பிள்ளையின் கதையை அவன் சொல்ல, “சிரிக்க வைக்காதீங்க, இழுக்குது...” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் அவள். தண்ணீர் என்றாலே உயிர் போகிற பயம் என்று அவன் ஒப்புக்கொண்டதும் அங்கேதான். அவளுக்கு வியாழன் எப்போது வரும் என்றிருந்தது.

ஒருநாள் அக்கா உடைத்துவிட்டாள். “வீட்டுல வாயத் திறந்தா உன் பேச்சுதாம்மா என் தம்பிக்கு.”

அவளுக்குள் ஏதோ சட்டென்று மூடிக்கொண்டது. அக்கா படுகிற பாட்டைப் பார்த்து இளகின மனசு. அது இரக்கம்... அதுக்கு அவன் வேற பேர் வெச்சிருக்கான்.

வாசலில், குடையை நீட்டியவனிடம் சொன்னாள். “பாவம் பாத்துப் பழகறவங்க எனக்கு வேண்டாம்.” மழையிலேயே நடந்தாள். ஊசி போடும் நாளைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டாள்.

செவ்வாயன்று வராந்தா வெறிச்சென்றிருந்தது. அடுத்த செவ்வாயும்.

தண்ணீரில் இறங்க டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை. ஆனாலும் கரையில் நின்று சொல்லித்தர வேலைக்குத் திரும்பினாள். பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பு. இடுப்பளவு தண்ணீரில், கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு... அவன்!

“இங்க என்ன பண்றீங்க?”

“நீச்சல்... கத்துக்கறேன்.”

“தண்ணின்னா உயிர் போற பயம்னு நீங்கதானே சொன்னீங்க!”

“இப்பவும் போகுதுங்க. இரக்கப்பட்டு எவனாவது இதுல எறங்குவானா?” பல் தந்தியடித்தது. “உங்களைப் பாத்து நான் பாவப்படல. நீங்க வராத வியாழக்கிழமையில என்னைப் பாத்துதான் பாவமா இருந்துது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. ரொம்ப...”

அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது வாயில் வந்தது. “இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கு. அதுக்கப்புறமும் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்காது. தழும்பு போகாது. நோய் திரும்பாதுன்னும் என்னால சொல்ல முடியாது.”

“நானும் எதுக்கும் உத்தரவாதம் சொல்ல வரலீங்க. கூட இருக்கேன்னு சொல்லத்தான் வந்தேன்.”

நேராகவே பார்த்தான். கண்ணில் இப்போது குறும்பு இல்லை. பயம் இருந்தது, தண்ணீரைப் பற்றியதல்ல.

“ஊசி போடற நாளை மாத்தினேனே...” அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “மாத்திட்டு, ரெண்டு செவ்வாயும் அந்த வராந்தாவுல உங்களைத்தான் தேடினேன். எனக்கும் பிடிச்சிருக்கு... போதுமா?”

“போதாது. இன்னொரு தடவை சொல்லுங்க.”

“கம்பியை விடுங்க. சொல்றேன்.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு, விட்டான்.