மேற்கு மூலை முளை

பானைத் தண்ணீர் சாய்ந்திருந்தது. பானை என்னவோ நேராகத்தான் இருந்தது. தண்ணீர் மட்டும் வயல் இருக்கும் மேற்குப் பக்கம் விளிம்புவரை ஏறி, மறுபக்கம் இரண்டு விரல் இறங்கி, யாரோ அங்கிருந்து உறிஞ்சுவதுபோல் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் பானையைத் திருப்பி வைத்தாள். தண்ணீர் மறுபடியும் மேற்கே ஏறியது.



அந்தச் சமவெளியில் மண்ணுக்கு உயிர் உண்டு. முதலில் குடியேறியவர்கள் அதைத் தெரிந்துகொள்வதற்குள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் ஒவ்வொரு வயலின் நான்கு மூலையிலும் இரும்பு முளை அடித்து மண்ணைத் தூங்க வைத்தார்கள். ஏர், விதை, வீடு எல்லாம் அதற்குப் பிறகுதான். எல்லையை மாற்றுவதானால் புது முளையை அடித்துவிட்டுத்தான் பழையதைப் பிடுங்க வேண்டும். குழி திறந்துவிட்டால் அதிலிருந்து எடுத்த முளையையே திரும்ப அடிக்க வேண்டும். நடை பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

அவளுக்கும் தெரியும். ஆனால் பாகம் பிரித்ததில் கொழுந்தனுக்குத்தான் நல்ல மண் போயிற்று என்று ஐந்து வருஷமாக வயிற்றெரிச்சல். நேற்று மத்தியானம் அவன் அசந்த நேரம் பார்த்து, மேற்கு மூலை முளையை அவன் பக்கம் நான்கு முழம் தள்ளிப் போட்டாள். கையில் இன்னொரு முளை இல்லை. பிடுங்கினாள், பிறகு அடித்தாள். நடுவே பால் பொங்கும் நேரம்தான் போயிருக்கும். அதற்குள் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தாள்.

இப்போது அங்கே அவள் புருஷன் கதிர் அறுத்துக்கொண்டிருந்தான். அடுத்த வயலில் அவன் தம்பி, அந்தக் கொழுந்தன்.

சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வரப்பு காய்ச்சல்கார உடம்பாகச் சுட்டது. அறுத்த தாளில் பச்சை வாடைக்குப் பதில் கசாப்புக்கடை வாடை அடித்தது. காற்றே இல்லை, ஆனாலும் நின்ற கதிரெல்லாம் பழைய குழியை நோக்கிச் சாய்ந்திருந்தன. பாதத்துக்கு அடியில், எங்கேயோ ஆழத்தில், மாடு அசைபோடுவதுபோல் ஒரு சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அங்கேயே நில்லு! வராதே!"

புருஷன் முழங்கால்வரை மண்ணுக்குள் இருந்தான். கையில் தம்பியின் கை. தம்பி பழைய குழிக்குள் கழுத்துவரை போயிருந்தான்.

"இழுண்ணே... கீழே கடிக்குது..."

புருஷன் இழுத்தான். கை வந்தது. கை மட்டும்.

அவள் புது இடத்து முளையைக் கட்டிக்கொண்டு ஆட்டினாள். ஆடுகிற பல்லாகக் கையோடு வந்தது. குழிக்கு ஓடினாள். குழியில் கொழுந்தனின் முகம் இருந்தது.

"அண்ணி," என்றான். உதடெல்லாம் மண். "அந்த நாலு முழத்தை நீங்களே வெச்சுக்குங்க அண்ணி. அடிக்காதீங்க."

புருஷன் இடுப்புவரை இறங்கினான். பிறகு மார்புவரை.

கண்ணை மூடவில்லை. மூடினால் குறி தப்பும். ஓங்கினாள். முதல் அடியில் எலும்பு. இரண்டாவதில் அதுவும் இல்லை. மூன்று. நான்கு. ரத்தம் பல்லில் பட்டது.

அசைபோடும் சத்தம் நின்றது. மண் அடங்கியது. அடங்கிய மண் கல்லாக இறுகியது.

புருஷன் மார்புவரை அதற்குள் இருந்தான். உயிரோடு. சம்மட்டியால் மண்ணை அடித்தாள். பொறி பறந்தது. நகத்தால் பிறாண்டினாள். நகம் போயிற்று. அவன் மூச்சை விட்டான். திரும்ப இழுக்க மண் இடம் தரவில்லை. விலா ஒன்று முறிந்தது. இன்னொன்று.

முளையைப் பிடுங்கினால் மண் இளகும். இளகினால் விழுங்கும்.

அவனால் பேச முடியவில்லை. கண்ணால் முளையைக் காட்டினான். பிடுங்கு என்கிறானா, வேண்டாம் என்கிறானா? அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் முளையைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

முளையின் அடியில் மண் கீறியது. கொழுந்தனின் இன்னொரு கை வெளியே வந்தது. ஐந்து விரலும் இரும்பைச் சுற்றி வளைத்து, மெல்ல, அதை மேலே தள்ள ஆரம்பித்தன.